பயணத்தில் பார்த்த கடலைப் பரிசோதனை வாட்டர்கலரில் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷ் (நீர்த்த நிறப் பூச்சு) போடவும் தூரிகையைப் பிடிக்கவும் ஓரளவு பழகியவர்களுக்கான பக்கம் இது. உப்பு, ஸ்பிரிட் (ஆல்கஹால்), மெழுகு, மணல் இவற்றை எப்போது போடுவது, போட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்விகளே அதிகம் வருகின்றன. அதனால் அவற்றுக்குத்தான் இங்கே நீளமான பதில்கள்.

பரிசோதனை ஓவியம் என்றால் நிறத்தை ஊற்றிவிட்டு, வருவது வரட்டும் என்று விடுவதா?

அப்படி விட்டால் பத்துக்கு ஒன்பது தாள் குப்பைக்குத்தான் போகும். எது தானாக நடக்கட்டும், எது நம் கையில் இருக்கட்டும் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். கடல் ஓவியத்தில் கைவிடக் கூடாதவை மூன்று: தொடுவானக் கோடு, வெளிச்சம் வரும் திசை, வெள்ளையாக விட வேண்டிய இடம். இவை உறுதியாக இருந்தால் மற்ற இடங்களில் நிறம் எப்படி ஓடினாலும் கண் அதைக் கடலாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1818இல் ஃபார்ன்லி ஹால் என்ற மாளிகையில் தங்கியிருந்தபோது ஒரே காலையில் போர்க்கப்பல் ஒன்றை வாட்டர்கலரில் வரைந்தார். தாள் ஊறும் வரை நிறத்தை ஊற்றினார், கிழித்தார், சுரண்டினார், எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது, பிறகு மெல்ல மெல்லக் கப்பல் வெளியே வந்தது என்று உடனிருந்து பார்த்த அந்த வீட்டுப் பிள்ளை பின்னாளில் சொன்னார். ஊற்றியதையும் கிழித்ததையும் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கப்பலின் பக்கவாட்டையும் பீரங்கி வாசல்களையும் பிசகாமல் போட அவருக்கு எத்தனை வருடப் பழக்கம் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு விதி: ஒரு தாளில் ஒரு பரிசோதனை, மிஞ்சினால் இரண்டு. உப்பு, ஸ்பிரிட், பிளாஸ்டிக், மெழுகு எல்லாம் ஒரே ஓவியத்தில் வந்தால் பார்ப்பவர் கடலை விட்டுவிட்டு உத்திகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

கடற்கரையில் எடுத்த போட்டோவை வைத்தே வரையலாமே? குறிப்பு எதற்கு?

போட்டோ உருவத்தைத் தரும், தொனியை, அதாவது வெளிர்-கருமை அளவை, தராது. ஃபோன் கேமரா நிழலைக் கறுப்பாக்கும், நுரையை வெளிற வைக்கும். அகல லென்ஸ் தூரத்து அலையைச் சுருக்கிக் காட்டும். கண்ணுக்கு ஆளுயரமாகத் தெரிந்த அலை படத்தில் சுருக்கம் விழுந்த துணிபோலக் கிடக்கும்.

அங்கேயே பத்து நிமிடம் உட்கார்ந்து ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர் பெட்டி ஒன்றில் மூன்றே தொனியில் (வெளிர், நடுத்தரம், கரு) ஒரு குறிப்போவியம் போடுங்கள். பக்கத்தில் தேதி, மணி, காற்றின் திசை, சூரியன் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பிரெஞ்சு ஓவியர் பூதின் தன் வான ஓவியங்களின் ஓரத்தில் நாள், மணி, காற்று மூன்றையும் எழுதுவார். அதைப் பார்த்தே நேரத்தையும் காற்றையும் சரியாகச் சொல்லிவிடலாம் என்று கவிஞர் போதலேர் 1859இல் வியந்து எழுதினார்.

எழுத மறக்கக் கூடாத ஒரு வரி உண்டு: தொடுவானத்தில் கடல் வானத்தைவிடக் கருமையா, வெளிறலா, இரண்டும் ஒன்றா? ஓவியம் முழுவதும் இந்த ஒரு விடையில்தான் தொங்குகிறது. வீடு திரும்பிய பிறகு இதை யாராலும் நினைவிலிருந்து சொல்ல முடியாது. அலைக்கு முப்பது விநாடி வீடியோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அசையாப் படத்தில் அலை எங்கே மடங்கத் தொடங்கியது என்பது தெரியாது.

எந்தத் தாள்?

நூறு சதவீதப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு) அல்லது ரஃப் (அதிகச் சொரசொரப்பு). மரக்கூழ்த் தாளில் நிறம் உடனே உள்ளே இறங்கிவிடும். உப்பாலும் ஸ்பிரிட்டாலும் அதை நகர்த்த முடியாது, சுரண்டினால் பஞ்சுபோல் எழும்பும். "உப்பு போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்குத் தாள்தான் காரணம். ஆர்ஷ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு, ஃபேப்ரியானோவின் பருத்தித் தாள் ஆகியவை ஈரத்தையும் சுரண்டலையும் தாங்கும். வெயில் பட்டு மின்னும் கடலுக்கு ரஃப். நிறம் தேங்கி வரும் விளிம்புகள் வேண்டுமென்றால் ஹாட் பிரஸ் (வழுவழுப்பான தாள்).

நிறைய நீர் ஊற்றுவதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் தாளை முதலில் பலகையில் இழுத்து ஒட்டிவிட வேண்டும். தாளை ஐந்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊற வைத்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி நீரை வடியவிட்டு, 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் பரப்பி, ஐந்து சென்டிமீட்டர் அகலப் பசைத் தாள் நாடாவால் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். படுக்கைவசமாக இரவு முழுவதும் காயட்டும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து நாடா பிய்ந்துவிடும். 640 ஜிஎஸ்எம் தாளுக்கு இந்த வேலையே தேவையில்லை.

இழுத்து ஒட்டாமல் வேறொரு வழியும் இருக்கிறது. தாளின் இரு பக்கமும் நீர் தடவி அக்ரிலிக் பலகை அல்லது கண்ணாடி மேல் படுக்க வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்க ஈரம் மேலே வந்துகொண்டே இருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் ஈரத்திலேயே வேலை செய்யலாம். மூட்டமான கடலுக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

கடலுக்கு எத்தனை நீலம் வாங்க வேண்டும்?

மூன்று நீலம், ஒரு பழுப்பு, ஒரு மஞ்சள் போதும். ட்யூபில் உள்ள பெயரை நம்பாமல் பின்பக்கத்தில் நிறமி எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு நிறமியை அடைக்கின்றன.

அல்ட்ராமரீன் (பிபி29) துகள் துகளாகத் தாளின் குழிகளில் படியும். ஆழமான நீருக்கு அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். செருலியன் (பிபி35) இன்னும் கனமாகப் படியும், மூடுதன்மை கொண்டது, தூரக் கடலுக்கும் தொடுவானத்துக்கும் ஏற்றது. மூன்றாவது, கோபால்ட் டர்காய்ஸ் (பிபி36 அல்லது பிஜி50): மணல் மேல் நிற்கும் ஆழமற்ற நீருக்கும், வெளிச்சம் ஊடுருவும் அலை முகட்டுக்கும். தாலோ நீலமும் (பிபி15) தாலோ பச்சையும் (பிஜி7) கடல் நிறம்போலத் தோன்றி ஆசைகாட்டும். ஆனால் தாளில் கறையாகப் பிடித்துவிடும், ஒற்றி எடுக்க முடியாது, ஒரு துளி கூடினால் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். ஸ்பிரிட் பரிசோதனைக்கு மட்டும் தாலோ நன்றாக வேலை செய்யும்.

பழுப்புக்கு பர்ன்ட் சியன்னா (பிபிஆர்7). அல்ட்ராமரீனோடு கலந்தால் புயல் மேகத்திலிருந்து ஈரப் பாறை வரை எல்லாச் சாம்பலும் கிடைக்கும். காயும்போது இரண்டும் பிரிந்து நீலமும் பழுப்புமாகத் துகள் காட்டும். மஞ்சளுக்கு யெல்லோ ஆக்கர் (பிஒய்42 அல்லது பிஒய்43). கறுப்பு ட்யூப் வேண்டாம்.

செருலியனிலும் டர்காய்ஸிலும் கோபால்ட் இருக்கிறது. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். இந்த நிறங்களை ஸ்ப்ரே கன்னில் அடிக்கவும் கூடாது.

எல்லாரும் "சரியான ஈரத்தில்" என்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளை மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்து, கண்ணைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள்.

முதலில் நீர் குட்டையாக நிற்கும். பலகையைச் சாய்த்தால் ஓடும். இது ஊற்றுவதற்கும் சாய்ப்பதற்குமான நேரம், வேறு எதற்கும் இல்லை. அடுத்து நீர் அசையாது, ஆனால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். ஈரத்தின் மேல் ஈரமாக நிறம் விடுவதும் ஸ்பிரிட் சொட்டுவதும் இப்போது. பிறகு கண்ணாடிப் பளபளப்பு போய்ப் பட்டுத்துணியின் மங்கலான மினுக்கம் வரும், தாளின் சொரசொரப்பு தலைகாட்டும். உப்புக்கும், கெட்டியான நிறத்தில் மென்மையான விளிம்பு போடுவதற்கும் இதுதான் வேளை. ஒன்றிரண்டு நிமிடம்தான் இருக்கும். அதன்பின் மினுக்கம் முழுதாகப் போயிருக்கும், புறங்கையால் தொட்டால் மட்டும் குளிரும். இந்தக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கெட்டுப்போகும் வாஷ்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. கடைசியாகக் குளிர்ச்சியும் போனால் காய்ந்துவிட்டது.

கடற்கரையில் உட்கார்ந்து வரைந்தால் இந்தக் கணக்கு மாறும். காற்றும் வெயிலும் சேர்ந்தால் பளபளப்பிலிருந்து நேராகக் காய்ந்த நிலைக்குத் தாவிவிடும். இடைப்பட்ட வேளையே கிடைக்காது. மேகமூட்டமான ஈரக்காற்றில் பட்டு மினுக்கம் கால் மணி நேரம்கூட நிற்கும். எந்த ஊரானாலும் ஒரு துண்டுத் தாளில் முதலில் ஒரு வாஷ் போட்டு அன்றைய காற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு: எந்த உப்பு, எவ்வளவு, எப்போது?

பட்டு மினுக்கம் வந்த நேரத்தில், பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தூவுங்கள். உப்புக் கல் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தோடு நிறமியும் நகர்ந்து கல்லை நோக்கி வரும். அதனால்தான் கல்லடியில் கருமையும் சுற்றிலும் வெளிறிய நட்சத்திரமும் விழுகின்றன. கல் உப்பு பெரிய நட்சத்திரம் தரும், முன்பக்க நுரைக்கு நல்லது. தூள் உப்பு பனிபோல் பொடிப்பொடியாக வரும். மடங்கும் அலையின் மேல் பறக்கும் சாரலுக்கு அது. உள்ளங்கை அளவு இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல் போதும். நெருக்கமாகப் போட்டால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று கெடுத்து, எங்கும் சொரசொரப்பு மட்டுமே மிஞ்சும். இடைவெளி ஒரே சீராகவும் இருக்கக் கூடாது. நுரை கும்பலாகக் கிடக்கும், நடுவில் வெற்றிடம் இருக்கும், அலை போன திசையில் நீளும். உப்பையும் அப்படியே தூவுங்கள்.

என்ன தவறும் என்றால்: நீர் குட்டையாக நிற்கும்போது போட்டால் உப்பு முழுதாகக் கரைந்து, வாஷ் மங்கலாகக் காயும், வடிவம் வராது. மினுக்கம் போனபின் போட்டால் கல் மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஹேர் டிரையர் வைத்தால் இழுப்பு நடக்க நேரமே இருக்காது. வெளிறிய நிறத்தின் மேல் போட்டால் நட்சத்திரம் விழும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நடுத்தரத் தொனிக்கு மேல் இருக்க வேண்டும்.

தாள் எலும்புபோல் காய்ந்தபின், குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, காய்ந்த தூரிகையால் உப்பைத் தட்டிவிடுங்கள். அரை ஈரத்தில் தேய்த்தால் கல்லில் இருக்கும் நிறம் கோடு கோடாக இழுபடும்.

கடல்நீரைத் தொட்டே வரையலாமா?

வரையலாம். பயண ஓவியத்தில் அது ஒரு தனிச் சந்தோஷமும்கூட. ஆனால் கல் உப்பு தரும் நட்சத்திரத்தை எதிர்பார்க்காதீர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. கரைந்த உப்பு ஓரிடத்தில் நின்று ஈரத்தை இழுக்காது. வாஷ் மெதுவாகக் காயும், துகள் சற்றுத் திட்டுத்திட்டாகப் படியும், குட்டை நின்ற இடத்தில் பொடி உப்புப் பூக்கும். இரண்டு கேடுகளும் உண்டு. தாளில் தங்கும் உப்பு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பேலட்டுக்குள் கடல்நீர் போனால் கட்டி நிறங்கள் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஆகவே நிறத்தை நல்ல நீரில் கரைத்துக்கொண்டு, கடல்நீரைத் தாளில் தெளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூரிகைகளை அன்றே நல்ல நீரில் அலச வேண்டும். விட்டால் உலோகக் கழுத்து அரிக்கும்.

ஸ்பிரிட், கிளிங் ஃபிலிம், மெழுகு: எது எதற்கு?

ஸ்பிரிட் என்று இங்கே சொல்வது 70 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பளபளப்பு ஈரத்தில் ஒரு சொட்டு விட்டால் மேற்பரப்பு இழுவிசை அந்த இடத்தில் குறைந்து நீரும் நிறமும் வெளியே விலகும். நடுவில் வெளிர், ஓரத்தில் கருவளையம். தெளிந்த நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்களுக்கும் வெளிச்ச வலைக்கும் பொருத்தம். சொட்டு உருண்டையாகவே விழும். ஆனால் நீர்ப்பரப்பில் எந்த வடிவமும் தூரம் போகப்போகத் தட்டையாகும். அதனால் முன்பக்கத்தில் மட்டும் சொட்டிவிட்டு மேலே போகப்போக நிறுத்திவிடுங்கள். அறை ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

கிளிங் ஃபிலிமை (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) கண்ணாடிப் பளபளப்பு ஈரத்தில் பரப்பி, விரலால் கிடைமட்டமாக மடிப்பு இழுத்து, அப்படியே காய விடுங்கள். மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். இரவு முழுவதும் விட்டால் நல்லது. பாதியில் தூக்கிப் பார்த்தால் கூர்மையான கோடுகள் எல்லாம் கரைந்துவிடும். மடிப்பு தாறுமாறாக விழுந்தால் பாறையாகிவிடும், கடலாகாது.

மெழுகுக்கு வெள்ளை மெழுகுவர்த்தி. ரஃப் தாளில் மெதுவாகப் படுக்கைவசமாகத் தேய்த்தால் மேடுகளில் மட்டும் ஒட்டும். மேலே வாஷ் ஓடும்போது வெயில் மின்னல் தானாக வந்துவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு தெரியாது, எங்கே தேய்த்தோம் என்று பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். போட்டால் போட்டதுதான், எடுக்கவும் முடியாது. அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் தன் வாட்டர்கலர்களில் மெழுகைப் பயன்படுத்தியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, அவர் எவ்வளவு கொஞ்சமாகப் போட்டார் என்பது.

மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடும் ரப்பர் பால்) தாளைப் பிய்க்கிறது. ஏன்?

ஈரத் தாளில் போட்டிருப்பீர்கள், அல்லது ஹேர் டிரையர் காட்டியிருப்பீர்கள், அல்லது ஒரு வாரம் விட்டிருப்பீர்கள். ரப்பர் பால் நாருக்குள் இறங்கி இறுகிவிடும். முழுக்கக் காய்ந்த தாளில் போட்டு, ஓரிரு நாளுக்குள் எடுத்துவிடுங்கள். புட்டியைக் குலுக்காதீர்கள், நுரை குமிழ் உடைந்த இடமெல்லாம் நிறம் புகும். தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் பழைய தூரிகையை. மாஸ்கிங் எடுத்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், நுரைக்கு அது பொருந்தாது. ஈரத் தூரிகையால் பாதி விளிம்புகளையாவது தேய்த்து மென்மையாக்கினால்தான் நுரை தண்ணீரோடு சேரும்.

நுரைக்கு வெள்ளை நிறம் போடலாமா? அது "ஏமாற்று" என்கிறார்களே?

பெரிய வெள்ளைகளைத் தாளிலேயே விட்டுவிடுங்கள், தாளின் வெள்ளைக்கு ஈடு இல்லை. சாரல், பறக்கும் துளி, அலை முகட்டின் கோடு ஆகியவற்றுக்கு வெள்ளை குவாஷ் (ஒளி ஊடுருவாத வாட்டர்கலர்) போடுவதில் எந்தப் பாவமும் இல்லை. சுரண்டுவது இன்னொரு வழி: முழுக்கக் காய்ந்த தாளில் புது பிளேடைப் படுக்கைவசமாகப் பிடித்து இழுத்தால் மேடுகளின் நிறம் மட்டும் உரியும். டர்னரும், பின்னால் அமெரிக்கரான வின்ஸ்லோ ஹோமரும் கடலுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். சுரண்டுவது கடைசி வேலை. சுரண்டிய இடத்தில் பசைப்பூச்சு போய்விடுவதால் மறுபடி நிறம் வைத்தால் உறிஞ்சிக் கறையாகும்.

நுரை வெள்ளை என்பதே பாதி உண்மைதான். சூரியன் அலைக்குப் பின்னால் இருந்தால் நம் பக்க நுரை நிழலில் இருக்கும், நீலச் சாம்பலாக, சில வேளை வானத்தைவிடக் கருமையாக. அதை வெள்ளையாக விட்டால் வெளிச்சத்தின் திசையே குழம்பிவிடும்.

என் கடல் படுக்காமல் சுவர்போல நிமிர்ந்து நிற்கிறது.

மேலிருந்து கீழ்வரை ஒரே அளவுத் தீற்றல், ஒரே நீலம், காரணம் இதுதான். அலைகளின் இடைவெளி தொடுவானத்தை நோக்கி வேகமாகச் சுருங்க வேண்டும். காலடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் நடுவில் இரண்டு விரல், மேலே வெறும் கோடு.

நிறத்துக்குக் காரணம் ஒளியில் இருக்கிறது. நேர்கீழாகப் பார்க்கும்போது நீர் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் பிரதிபலிக்கும், அதனால் காலடியில் மணலும் பாசியும் தெரியும். பார்வை சாயச்சாயப் பிரதிபலிப்பு கூடும், தூரத்தில் தெரிவதெல்லாம் வானம்தான். ஆனால் அலையுள்ள கடலில் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் அலை முகங்கள் தொடுவானத்தை ஒட்டிய வெளிர் வானத்தைக் காட்டாமல், அதற்கு மேலே உள்ள நீல வானத்தைக் காட்டும். காற்றுள்ள நாளில் தொடுவானக் கடல் வானத்தைவிடக் கருமையாக நிற்பது இதனால்தான். காற்றே இல்லாத நாளில் இரண்டும் கரைந்து கோடே காணாமல் போகும்.

கோட்டின் உயரம் உங்கள் கண்ணின் உயரம். சமமான கரையில் நீங்கள் நின்று பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லார் கண்ணும், எவ்வளவு தூரத்தில் நின்றாலும், தொடுவானத்தில்தான் வரும். மனிதர்களைச் சேர்க்கும்போது இதைத் தவறவிட்டால் குழியில் நிற்பதுபோல் தெரிவார்கள். கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. 30 மீட்டர்க் குன்றின் மேலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். குன்றிலிருந்து பார்த்த கடலுக்கு அகலமான நடுப்பகுதி இருப்பது அதனால்தான்.

அலை மடங்கும் இடமும் கற்பனைக்கு விட்டது இல்லை. நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும். ஒரு மீட்டர் அலை உடைகிறது என்றால் அங்கே ஏறக்குறைய மார்பளவு ஆழம். வெளியே தனியாக ஒரு நுரைக் கோடு தெரிந்தால் அதன் அடியில் மணல் திட்டோ பாறையோ இருக்கிறது.

ஓர் ஓவியத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்ல முடியுமா?

28க்கு 38 சென்டிமீட்டர்த் தாள், எதிர்வெயில் காலைக் கடல், முன்னே ஓர் அலை மடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர்த் தட்டைத் தூரிகை, 12ஆம் எண் உருண்டைத் தூரிகை, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். தொடங்குமுன் மூன்று கிண்ணங்களில் நிறத்தைக் கரைத்து வைக்கவும்: செருலியன் இரண்டு மேசைக்கரண்டி, அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தது மூன்று, டர்காய்ஸோடு ஒரு துளி ஆக்கர் சேர்த்தது ஒன்று. பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் அதற்குள் ஈரம் ஒரு கட்டம் தாண்டியிருக்கும்.

தாளின் மேல் விளிம்பிலிருந்து ஒன்பது சென்டிமீட்டரில் தொடுவானம், பதினேழில் அலை முகடு. ஹெச்பி பென்சிலில் இந்த இரண்டும் போதும். சூரியனுக்கு நேர் கீழே நடுக்கடலில் மெழுகை லேசாகத் தேய்க்கவும். வானத்தைத் தொடுவானம் வரை நனைத்து, ஆக்கரில் மிக வெளிறிய வாஷ். பலகை 15 டிகிரி சாய்வில் முழுக்கக் காயட்டும்.

தொடுவானக் கோட்டின் மேல்பக்கம் மாஸ்கிங் டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்திவிட்டு, காய்ந்த தாளில் தட்டைத் தூரிகையால் செருலியனை ஒரே இழுப்பாக இழுக்கவும். அந்தப் பட்டையின் கீழ் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே சாம்பல் நீலத்தைத் தொடுத்து, கீழே வரவரத் தூரிகையைப் படுக்க வைத்து வேகமாக ஓட்டினால் இடையிடையே வெள்ளை விட்டுப்போகும். மெழுகு தேய்த்த இடம் இப்போது மின்ன ஆரம்பிக்கும். காய்ந்ததும் டேப்பைத் தாளோடு படிந்த கோணத்தில் உரித்து, கோட்டின் இரண்டு இடங்களை ஈரத் தூரிகையால் லேசாகக் கரைத்துவிடவும். முழுக்கக் கூரான தொடுவானம் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும்.

அலை முகத்துக்கு முகட்டை ஒட்டி டர்காய்ஸ், ஏனென்றால் அங்கே நீர் மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும். அடிக்குப் போகப்போக சாம்பல் நீலம். முகட்டு நுரை வெறும் தாள். பிறகு அலைக்குக் கீழே உள்ள பகுதியை நல்ல நீரில் நனைத்து, மீதியுள்ள சாம்பல் நீலத்தை ஒரு மூலையிலிருந்து ஊற்றி, பலகையை இடமும் வலமும் மட்டும் சாய்க்கவும். மேலும் கீழும் சாய்த்தால் நீர் மழைபோல் வழியும். மிஞ்சியதை மூலையில் டிஷ்யூவால் உறிஞ்சி எடுங்கள். எடுக்காவிட்டால் அது பின்வாங்கி வரும். பட்டு மினுக்கம் வந்ததும் கல் உப்பு, அலையை ஒட்டி மட்டும் கொஞ்சம் தூள் உப்பு.

காய்ந்து உப்பைத் தட்டிய பிறகு நுரையின் நிழல்களை வெளிர் நீலச் சாம்பலில் போட்டு, பல் துலக்கும் பிரஷில் வெள்ளை குவாஷைத் தொட்டு முகட்டின் மேல் சாரலாகத் தெறிக்கவும். வானத்தை ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகு காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு வருகிறது.

பாதி காய்ந்த வாஷுக்குள் அதைவிட ஈரமான தூரிகை போனால், வந்த நீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். தடுக்க, தூரிகையில் உள்ள ஈரம் தாளின் ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் கரையில் படர்ந்து நிற்கும் அலை விளிம்புக்கு இதைவிட இயல்பான உருவம் கிடையாது. குளிர்ச்சி மட்டும் மிஞ்சிய கட்டத்தில் தாளின் கீழ் ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு கரண்டி நீர் விட்டுப் பாருங்கள்.

நிஜக் கடல் மணலை ஒட்டலாமா?

முதலில் எடுக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். இத்தாலியின் சார்தீனியா போன்ற இடங்களில் கரை மணலை எடுத்துப் போவது குற்றம், அபராதம் உண்டு. எடுத்தால் நல்ல நீரில் மூன்று நான்கு தடவை அலசி, காய வைத்து, சலித்து, ஒரு பங்கு மணலுக்கு இரண்டு பங்கு அக்ரிலிக் மேட் மீடியம் (மினுக்காத ஒட்டுப் பசை) சேர்த்து முதல் வாஷுக்கு முன்பே தடவுங்கள். அக்ரிலிக் காய்ந்த இடம் நீரைச் சரியாக வாங்காது. மேலே வாட்டர்கலர் கிரவுண்ட் (நிறத்தைப் பிடிக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு தேவை. மணல் தேக்கரண்டி அளவு போதும். கீழ் ஓரம் முழுக்க மணல் ஒட்டினால் அது நினைவுப் பரிசுக் கடைப் பொருளாகிவிடும்.

நிறம் சேறாகிவிட்டது. மீட்க முடியுமா?

ஈரமாக இருந்தால் மேற்கொண்டு கிளறாதீர்கள், காயட்டும். காய்ந்தபின் குழாயடியில் மெல்ல நனைத்து ஸ்பாஞ்சால் ஒற்றினால் அல்ட்ராமரீன், செருலியன் இரண்டும் பெரும்பகுதி எழும்பும், தாலோ எழும்பாது. மிஞ்சும் வெளிர் கறை அடுத்த ஓவியத்துக்கு அருமையான மூட்ட வானம். சேறு வரக் காரணம் பெரும்பாலும் மூன்றுக்கு மேல் நிறமிகள் கலந்தது, இல்லையென்றால் அரை ஈரத்தில் நாலாவது முறை தொட்டது.

விமானத்தில் எதை எடுத்துப் போகலாம்?

காய்ந்த கட்டியாக வரும் நிறங்களுக்குப் பிரச்சினை இல்லை. ட்யூபுகளைக் கைப்பையில் வைத்தால் திரவங்களுக்கான பையில் போடுங்கள். பிளேடை அனுப்பும் பெட்டியில் வையுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள், அதை வீட்டு மேசைக்கு விட்டுவிடுங்கள். கரையில் உங்களுக்குத் தேவை குறிப்போவியமும் நிறக் குறிப்பும்தான்.

உப்பு போட்ட ஓவியத்தைச் சட்டம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. நடுவில் மவுன்ட் அட்டையோ ஸ்பேசரோ வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சிய உப்பு ஈரம் வாங்கும் நாளில் ஓவியம் கண்ணாடியில் ஒட்டும். சட்டத்துக்குக் கொடுக்கும் முன் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நெருடினால் மென்மையான காய்ந்த தூரிகையால் இன்னொரு முறை தட்டவும். குளியலறைச் சுவர், ஈரம் ஏறும் வெளிச்சுவர், நேர் வெயில் மூன்றும் ஆகாது. அஸ்தமன வானத்துக்கு அலிசரின் கிரிம்சன் (பிஆர்83) போட்டிருந்தால் வெளிச்சத்தில் அது வெளிறும். ஓபரா ரோஸ் இன்னும் வேகமாக. சந்தேகமான நிறத்தை ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மூன்று மாதம் ஜன்னலில் ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த ட்யூபைப் பயிற்சித் தாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.